வேலையும் பராக்கும்: மூணாற்றில் ஒரு வரைகலைஞர்



தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ குடியிருக்கும் ஒரு தமிழர் வீட்டுச் சமையலறையில் சிறிது நேரம் நின்று சுற்றுமுற்றும் பார்த்தால், தமிழ் எழுத்து எங்கெங்கே குடியேறியிருக்கிறது என்பது தெரியவரும். அப்பளக் கட்டின் மேல் இருக்கும். பெருங்காய டப்பாவின் மூடியில் இருக்கும். ஆணியில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் இருக்கும். ஊரிலிருந்து வந்து, முகூர்த்தம் கழிந்த பிறகும் எறிய மனமின்றி வைத்திருக்கும் கல்யாணப் பத்திரிகையில் இருக்கும். தமிழ்ப் புத்தகம் இல்லாத வீடு உண்டு. இவற்றுள் ஒன்றேனும் இல்லாத வீடு அரிது. பள்ளியில் ஹிந்தியும் மராத்தியும் வங்காளியும் பயிலும் நம் குழந்தைகள் ‘அ’ என்னும் எழுத்தை முதன்முதலில் கண்ணால் காண்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு பொட்டலத்தின் மேல்தான். அந்த எழுத்தை எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அப்பளம் செய்தவரின் பெயர் அதில் உண்டு. எழுத்தை வரைந்தவரின் பெயர் இல்லை.

அவரை முன்பு ‘கமர்ஷியல் ஆர்ட்டிஸ்ட்’ என்றார்கள். இன்று ஏட்டுத் தமிழில் வரைகலைஞர் என்கிறோம், கடைத்தெருவில் ‘டிசைனர்’. அவருடைய அன்றாட வேலையையும், அந்த வேலைக்கு நடுவே அவருடைய கை எங்கெங்கே பராக்குப் பார்க்கப் போகிறது என்பதையும் இன்று பேசலாம் என்று எண்ணுகிறோம். சென்னையிலும் மும்பையிலும் உள்ள பெரிய விளம்பர நிலையங்களை விட்டுவிட்டு, கேரளத்து மலையூராகிய மூணாற்றை எடுத்துக்கொள்கிறோம். அங்கே இருப்பவர்களும் நம்மைப் போலவே வெளிமாநிலத் தமிழர்கள். ஒரு வேறுபாடு: நாம் மாநிலம் கடந்து வந்தோம்; அவர்களில் மூத்த குடும்பத்தாருடைய பாட்டன் பூட்டன்மார் அங்கே வந்து சேர்ந்தபோது இன்றைய மாநிலங்களே இல்லை.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் கூடுமிடம் ஆதலால் அது மூணாறு ஆயிற்று. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5,000 அடி உயரம். பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து 1877இல் ஜான் டேனியல் மன்ரோ என்பவர் அந்த மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். காடு திருத்தவும் கொழுந்து கிள்ளவும் கங்காணிகள் மூலமாகத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆட்கள் மலையேற்றப்பட்டார்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது, தேவிகுளம் வட்டம் யாருக்கு என்ற கிளர்ச்சியெல்லாம் நடந்து, முடிவில் அது கேரளத்துடன் நின்றது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று இடம் தருகிறது. ஆகவே மூணாற்றில் ஒரு கடைப்பலகையோ, ஒரு கோயில் திருவிழா அறிவிப்போ, ஒரு சங்கத்தின் சுவரொட்டியோ தமிழில் வேண்டும், மலையாளத்திலும் வேண்டும், சுற்றுலா வருவோர்க்காக ஆங்கிலத்திலும் வேண்டும். மூன்று மொழியையும் ஒரு பலகையில் சண்டையில்லாமல் உட்கார வைப்பதுதான் அவ்வூர் வரைகலைஞரின் முதல் தொழில்.

அது எத்துணைச் சங்கடமான தொழில் என்பது மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்ட நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டு குட்டிச் சொற்களில் முடிகிற ஓர் எச்சரிக்கை, தமிழில் ‘அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது’ என்று நீண்டுவிடும். மலையாளமோ எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து ஒன்றின் தோள்மேல் ஒன்றாக ஏற்றிக்கொள்ளும். பலகையின் அகலம் ஒன்றே. நம் அலுவலக மேசையில் வரி நீண்டால் அடுத்த வரிக்குப் போகலாம். அவருக்கு அடுத்த வரி என்பது அடுத்த அடித் தகரம், அதற்கு அடுத்த விலை.

மூணாற்றில் இந்தக் கலை எங்கே தொடங்கியது என்று கேட்டால், தேயிலைப் பெட்டியில் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. பழைய நாளில் தேயிலை மரப்பலகைப் பெட்டிகளில் அடைபட்டுப் போயிற்று. ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், வரிசை எண், எடை எல்லாவற்றையும் கறுப்பு மையால் பதித்தாக வேண்டும். தகட்டில் எழுத்தை வெட்டி, அத்தகட்டைப் பெட்டிமேல் வைத்து, தூரிகையால் மையைத் தட்டுவார்கள். துளைத்தகட்டு எழுத்துக்கு ஒரு விதி உண்டு. ‘ஓ’ என்னும் ஆங்கில வட்டத்தை முழுதும் வெட்டினால் நடுவிலுள்ள தகடு கழன்று விழுந்துவிடும். ஆகவே வட்டத்தை இரண்டிடத்தில் அறுக்காமல் விட்டுப் பாலம் வைக்க வேண்டும். பாலம் எங்கே வைப்பது என்பதை வெட்டுகிறவன் கண்தான் முடிவு செய்யும். அந்தப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்குச் சிற்றிரயிலில் ஏறி டாப் ஸ்டேஷன் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர் சேர்ந்து, பிறகு கப்பலேறி இங்கிலாந்து போயின. இலண்டன் ஏல வியாபாரி மூணாற்றைக் கண்டதெல்லாம் ஒரு மலையாளன் கையோ தமிழன் கையோ தட்டிய அந்தக் கறுப்பு எழுத்தில்தான். 1924ஆம் ஆண்டு வெள்ளம் அந்த இரயில் பாதையைக் கொண்டுபோயிற்று. கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று இன்றும் சொல்கிறார்கள். பிற்காலத்தில் பெட்டிகள் போய்க் காகிதச் சாக்குகள் வந்தன.

நல்லதண்ணியிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போகிற நேயர்கள் அங்கே கருங்கல்மேல் பொருத்திய ஒரு சூரியக் கடிகாரத்தைக் காணலாம். அது 1913இல் நம் தென்பாண்டிச் சீமை நாசரேத்தின் கைத்தொழிற் பள்ளியில் செய்யப்பட்டது. உருளைகளையும் பெரிய இயந்திரங்களையும் சுற்றி நின்று பார்க்கிற கூட்டம் இதைக் கடந்துவிடுகிறது. நிழல் விழுகிற கோணங்களைக் கணக்கிட்டு, ஒவ்வொரு கோட்டையும் எண்ணையும் இடம் தப்பாமல் பொறிப்பதும் வரைகலைதானே! மூடுபனி கவிந்த மலைக்கு வெயிற் கடிகாரம் செய்தனுப்பியவர்களின் நம்பிக்கையை நாம் மெச்சத்தான் வேண்டும்.

எழுத்துக்கும் கேரளத்துக்கும் இதைவிடப் பழைய தொடர்பு ஒன்றுண்டு. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் முதன்முதல் அச்சான நூல் ‘தம்பிரான் வணக்கம்’. அது 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கம். ஜொவாம் தெ ஃபாரியா என்ற போர்த்துகீசியப் பாதிரியார் அங்கே தமிழ் எழுத்துகளை வார்த்தார். ஓலையில் எழுத்தாணி ஓடிய ஓட்டத்தை ஈயத்தில் நிற்க வைக்க வேண்டியிருந்த முதல் மனிதர்களுள் அவர் ஒருவர். இன்று மூணாற்றுக் கடையில் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் இளைஞரின் தொழில்வழிப் பாட்டனார் என்று அவரைச் சொல்லலாம்.

அந்த இளைஞரின் கடைக்கு இனிப் போவோம். பெயர் வேண்டா, அவரும் விரும்பவில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து, தமிழ்வழியில் தொடக்கக் கல்வி கற்று, போடியில் ஒரு ஓவியரிடம் சில ஆண்டுகள் சுவரெழுத்துப் பழகியவர். சுண்ணாம்பு தோய்த்த நூலை இழுத்து அடித்துக் கோடு போடுவது, எனாமல் வண்ணம் வழியாத பதத்தில் தூரிகையை நனைப்பது எல்லாம் அங்கே கற்றது. கற்று முடிக்கும்போது தொழில் மாறிவிட்டது. ஃப்ளெக்ஸ் அச்சு வந்து தூரிகையை மூலையில் வைத்தது. அவரும் கணிப்பொறிக்கு மாறினார். பிறகு 2019இல் கேரள அரசு பி.வி.சி. ஃப்ளெக்ஸைத் தடை செய்தது. துணிக்கும் மறுசுழற்சித் தாளுக்கும் மாறினார். பொருள் மாறினாலும் கணக்கு மாறவில்லை: சதுர அடிக்கு இவ்வளவு. எழுத்து நன்றாக இருப்பதற்குத் தனி விலை கிடையாது.

காலையில் கடை திறக்கும்போதே வாசலில் இருவர் நிற்பார்கள். ஜீப் ஓட்டுபவர் ஒருவருக்கு முகவரி அட்டை வேண்டும். அதில் ஆனைமுடியும் யானையும் தேயிலையும் நீர்வீழ்ச்சியும் தம் ஜீப்பும் ஒருங்கே வர வேண்டும். ஏலக்காய்க் கடைக்காரருக்குப் பொட்டலச் சீட்டு. தங்கும் விடுதிக்காரர் விலைப்பட்டியலில் ஒரே ஓர் எண்ணை மாற்ற வந்தவர், எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போவார். ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பதாகை. தாய்மாமன்மார் பதினொருவர் படமும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும், ஒருவர் படம் அரை அங்குலம் சிறுத்தாலும் சீர் வராது. வந்தவர் எல்லாரும் நாற்காலியை இழுத்து அவர் தோளருகே போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்காருகிறார்கள். “அண்ணே, இந்தச் சிவப்பு இன்னும் கொஞ்சம் சிவப்பா இருக்கட்டும்” என்கிறார்கள். இவ்வுலகில் பிறர் தோளருகே உட்கார்ந்து நடத்தி வைக்கிற தொழில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறோம். வைத்தியரிடம் யாரும் இப்படி உட்காருவதில்லை.

பிற்பகலில் மின்சாரம் போகும். மழைக்காலமானால் போனது எப்போது வரும் என்பது தெரியாது. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை மலை நனைந்தபடியே இருக்கும். காகிதம் நமத்துப் போய் அச்சுப்பொறிக்குள் மடங்கிக்கொள்ளும். மின்சாரம் போன அந்த நேரத்தில்தான் அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுப்பார். அதற்குப் பிறகு வருவோம்.

அவருடைய கணிப்பொறியில் ஒரு வெள்ளைச் சட்டை இருக்கிறது. துணிச் சட்டை அன்று; படச் சட்டை. மூணாற்றில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கு ஒரு படம் வேண்டும். அந்தக் குளிரில் வாழ்ந்த பெரியவர்களின் படங்களில் கழுத்தைச் சுற்றி மஃப்ளர் இருக்கும், தலையில் குல்லா இருக்கும், மேலே நிறம் போன ஸ்வெட்டர் இருக்கும். பிள்ளைகள் கைப்பேசியை நீட்டி, “அண்ணே, அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுருங்க” என்பார்கள். அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, குல்லாவை அழித்து, நரைமயிரை ஒவ்வொன்றாக வரைந்து, அந்த வெள்ளைச் சட்டைக்குள் பொருத்துவார். எத்தனையோ தகப்பன்மார் அந்த ஒரே சட்டையை அணிந்துகொண்டுதான் மலையிலிருந்து விடைபெற்றிருக்கிறார்கள். கழுத்துப் பட்டைக்கும் மோவாய்க்கும் இடையே நிழல் சரியாக விழுந்தாலன்றி முகம் ஒட்ட வைத்ததுபோல் நிற்கும் என்கிறார். அந்த நிழலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதற்கும் சதுர அடிக் கணக்குத்தான்.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள்மீது விழுந்தது. எழுபது பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். வீட்டோடு வீட்டிலிருந்த படங்களும் மண்ணுக்குள் போயின. அஞ்சலிக்கு முகம் தேடியவர்கள் உறவினர் கைப்பேசிகளிலும் பிறர் வீட்டுக் கல்யாணப் படங்களிலும் தேட வேண்டியதாயிற்று. பந்தியில் மூன்றாம் வரிசையில் பாதி மறைந்து நிற்கும் ஒரு முகத்தைப் பெரிதாக்கி எடுப்பது எப்படி என்று அந்த வாரம் கற்றதாக அவர் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நாமும் கேட்கவில்லை.

எழுத்தின் கதைக்குத் திரும்புவோம். ‘மலை’, ‘தேயிலை’, ‘வேலை’, ‘கூலித் தலை’ என்று அந்த ஊரின் சொற்கள் ‘லை’யில் முடிவதைக் கவனித்திருப்பீர்கள். நம்மில் மூத்தவர்கள் பள்ளியில் எழுதிய ‘லை’க்கு முன்னால் யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவு மேலெழுந்து நிற்கும். 1978இல் தமிழ்நாட்டரசு, பெரியார் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது அந்தத் துதிக்கை போயிற்று. மற்ற எழுத்துகளுக்கு உள்ளதுபோல் ஐகாரக் கொம்பு வந்தது. அச்சுக் கோப்பவர்க்கும் தட்டச்சு செய்பவர்க்கும் அது பேருதவி; அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த ஊரின் பழைய பலகை ஒன்றில் ‘தேயிலை’ என்று துதிக்கை தூக்கி நின்ற எழுத்தைத் தம் தகப்பனார் காட்டியதை இந்த இளைஞர் மறக்கவில்லை. மலைக்கு வரும் யானைகளை எழுத்திலும் கண்டவர் அவர்!

இப்போதைய தொல்லை வேறு. ‘கொழுந்து’ என்னும் சொல்லில் ‘கொ’ எழுத வேண்டுமானால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நின்று நடுவே ககரத்தைத் தாங்க வேண்டும். தமிழறியாத கணிப்பொறி நிரல், கொம்பை ககரத்தின் பின்னால் தள்ளிவிடும். அல்லது கொம்பையும் காலையும் பிரித்துப் புள்ளி வட்டத்தோடு நிறுத்திவிடும். உலகமெங்கும் பொதுவான ஒருங்குறி வந்த பிறகும், பழைய வரைகலை நிரல்களில் இந்தக் கோளாறு ஓயவில்லை. அதனாலேயே பல கடைகளில் இன்னமும் ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களைக் கொண்டு ஒப்பேற்றுகிறார்கள். அவையோ ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் மாரியம்மன் திருவிழா மந்திரச் சீட்டாகிவிடும். வெளிமாநில நிலையங்களிலும் பெரிய கடைகளிலும் ‘தமிழ்’ என்று எண்ணி மாட்டிய பலகைகளில் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் கிடப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். நாம் சரியாக எழுதிக் கொடுத்த வாசகம் பலகையில் ஏறும்போது இப்படி ஆவதைக் கண்டிருக்கிறோம். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் நடுவில் இருந்திருந்தால் போதும். மூணாற்றுக் கடையின் சிறப்பு இதுதான்: அங்கே எழுத்தை அமைப்பவர் எழுத்தைப் படிப்பவராகவும் இருக்கிறார். வார்ப்புருக்களிலிருந்து தாமே எடுத்து ஒட்டிக்கொள்ளும் வசதி எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிட்ட பிறகு, அப்படிப்பட்ட ஒருவருக்குக் கூலி கொடுப்பானேன் என்ற கேள்வியும் வந்துவிட்டது.

இனிப் பராக்குக்கு வருவோம். ‘பராக்குப் பார்க்காதே’ என்று நம்மைத் திட்டாத வாத்தியார் இல்லை. வரைகலைஞர்களின் வரலாற்றைப் பார்த்தால் அந்த வசவைச் சற்றுத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சத்தியஜித் ராய் 1943இல் கொல்கத்தாவில் டி. ஜே. கீமர் என்ற விளம்பர நிலையத்தில் மாதம் 80 ரூபாய்ச் சம்பளத்தில் வரைவாளராகச் சேர்ந்தார். பகலெல்லாம் பிறர் சரக்குக்கு விளம்பரம். பராக்கு வேறெங்கோ: சிக்னெட் பிரஸ் புத்தகங்களுக்கு மேலட்டை வரைந்தார். அவ்வாறு ‘பதேர் பாஞ்சாலி’யின் சிறுவர் பதிப்புக்குப் படம் போட உட்கார்ந்தவருக்கு அந்தக் கதை மனத்தில் குடியேறிற்று. 1950இல் நிலையத்தார் வேலைப் பயிற்சிக்காக இலண்டனுக்கு அனுப்பினார்கள். போனவர் அங்கே ஓய்வு நேரமெல்லாம் படம் பார்த்துத் திரும்பினார். 1952இல் விடுமுறை நாள்களில் படப்பிடிப்பைத் தொடங்கினார். 1955இல் படம் வெளிவந்தது. விளம்பர நிலையம் சம்பளம் கொடுத்து, உலகுக்கு ஒரு சினிமாக் கலைஞரை அனுப்பி வைத்தது எனலாம். அதே கொல்கத்தாவில் வாழ்ந்த விளம்பர ஓவியர் அன்னதா முன்ஷி, 1947இல் தேயிலை விற்பனை வாரியத்துக்காக ஒரு சுவரொட்டி வரைந்தார்: இராட்டையின் அருகே ஒரு பெண், கையில் தேநீர்க் கோப்பை, தேயிலை நூற்றுக்கு நூறு சுதேசி என்ற வாசகம். வெள்ளைக்காரர் தோட்டத்துப் பொருளை இராட்டையோடு உட்கார வைத்த அந்தத் துணிச்சல் சரியா என்று கேட்கலாம். கொழுந்து கிள்ளியவள் நம்மவள் என்ற அளவில் அது பொய்யாகாது.

நம் கோபுலுவை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சையில் 1924இல் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்று, மாலியின் நிழலில் வளர்ந்தவர். ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடர்கதைக்கு அவர் வரைந்த நாயனக்காரர்களைப் பார்த்தவர்க்குச் சீவாளி நனைக்கிற சப்தம் கேட்கும். அவரே 1963இல் பத்திரிகையை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். அது இறக்கம் என்று நினைப்பாரும் இருக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. வாசகமே இல்லாமல் ஒரு சிரிப்பைப் படத்தில் முடிக்கத் தெரிந்தவரிடம் ஒரு சோப்புக்கட்டி அகப்பட்டால் அதற்கும் நல்ல காலமே.

ஆதிமூலத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அவரும் மத்திய சர்க்கார் ஊழியர். திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் 1938இல் பிறந்தவர், சென்னையில் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகப் பல்லாண்டு வேலை பார்த்தார். அங்கே கடமை, கைத்தறிச் சேலைக்கும் படுக்கை விரிப்புக்கும் கரையும் கட்டமும் வகுத்துக் கொடுப்பது. வீடு திரும்பினால் சிற்றிதழ்க்காரர்கள் காத்திருப்பார்கள். அவர்களிடம் பணம் இருக்காது, ஆசை இருக்கும். இதழின் தலைப்பையும் நூலின் பெயரையும் அச்செழுத்தில் போடாமல் தம் கையாலேயே எழுதித் தந்தார். கீறலும் வீச்சுமாக இருந்த அந்த எழுத்து, தமிழ்ப் புத்தக மேலட்டையின் முகத்தை மாற்றிவிட்டது. காந்தி நூற்றாண்டாகிய 1969இல் கறுப்புக் கோட்டில் காந்தியடிகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 2008இல் மறைந்தார். அவர் வகுத்த சேலைக் கரைகள் கிழிந்து போயிருக்கும். கூலியில்லாமல் எழுதிய எழுத்துகள் நிற்கின்றன. ஆனால் நாள் முழுதும் நூலிழையை எண்ணி எண்ணிக் கட்டம் போட்ட கை இல்லையென்றால் மாலையில் அவ்வளவு தாராளமாக அந்தக் கோடு வந்திருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

மூணாற்றிலேயே பராக்கைத் தொழிலாக்கிக்கொண்ட ஓரிடம் உண்டு. 1991இல் தொடங்கிய ஸ்ருஷ்டி என்னும் அறநிலையம், தோட்டத் தொழிலாளர் வீடுகளில் உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உடைய பிள்ளைகளுக்குப் பயிற்சியும் வேலையும் தருகிறது. அதன் ‘ஆரண்யா’ப் பிரிவில் இயற்கைச் சாயம் தோய்க்கிறார்கள், ‘அதுல்யா’வில் கையாலே காகிதம் செய்கிறார்கள். துணியை மடித்து, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, கட்டை அவிழ்த்தால் ஒரு கோலம் பிறக்கிறது. எவ்வளவு பழகிய கையானாலும் அவிழ்க்கும் வரை கோலம் தெரியாது; ஒன்றுபோல் மற்றொன்று வராது. நம் இளைஞர் ஞாயிறுகளில் அங்கே போய் அவிழ்க்கிற வேளையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுண்டு. தம் கடையில் ஆயிரம் அட்டை அடித்தால் ஆயிரமும் ஒன்றுபோல் வருவதில் தமக்குள்ள சலிப்பு, அங்கே ஒரு மணி நேரம் நின்றால் தீர்கிறது என்றார்.

இப்போது அந்த நோட்டுப் புத்தகம். அவர் மூன்று ஆண்டுகளாக ஓர் அரிச்சுவடி அட்டை வரைந்துவருகிறார். எல்லா அட்டைகளிலும் அ என்றால் அம்மா, ஆ என்றால் ஆடு, இ என்றால் இலை. மலைக் குழந்தைக்கு மலைச் சொற்களால் எழுத்தறிவித்தால் என்ன என்று தொடங்கினார். அ என்றால் அட்டை, மழைக்காலத்தில் காலில் ஏறுகிறதே, அந்த அட்டை. ஆ என்றால் ஆனைமுடி. இ, இலையாகவே இருக்கட்டும்; தேயிலையின் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும். ஈ, ஈரம். உ, உறைபனி. ஊ, ஊற்று. ஏ, ஏலம். ஐ, ஐப்பசி, அந்த மாதத்து மழையைப் படமாக்குவதற்குள் நான்கு தாளைக் கிழித்தாயிற்று. ஒ, ஒற்றையடிப் பாதை. ஓ, ஓடை. ஔ மட்டும் ஔவையார்தான்; எந்த மலையிலும் அவருக்கு மாற்று இல்லை.

‘எ’யில்தான் வழக்கு. அவர் ‘எஸ்டேட்’ என்று போட்டிருந்தார். பார்த்த தமிழாசிரியர் ஒருவர், குழந்தைக்கு முதல் பாடத்திலேயே ஆங்கிலமா, ‘எறும்பு’ போடும் என்றாராம். தனித்தமிழில் பற்றுள்ளவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: நாம் எஸ்டேட் பக்கம். அந்தக் குழந்தை தன் முகவரியை எழுதும் நாளில் முதலில் எழுத வேண்டிய சொல் அது. மொழிபெயர்ப்பில் எத்தனையோ சொற்களுக்கு நாம் மாற்றுத் தேடுகிறோம். நான்கு தலைமுறை ஒரு சொல்லுக்குள் குடியிருந்தால் அதற்குக் குடியுரிமை வந்துவிடுகிறது. அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டையும் வரைந்து வைத்திருக்கிறார். எறும்பு எஸ்டேட் பலகைமேல் ஊர்கிறது.

அச்சிடுவார் யார் என்பது தெரியவில்லை. தேயிலைக் கம்பெனிக்கு அது விளம்பரமாகாது, கல்வித் துறைக்குப் பாடமாகாது, பதிப்பகத்துக்கு விற்பனையாகாது. தாமே அச்சிட்டால் ஓர் அட்டையின் அடக்கம் இவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். கணக்கு அடித்தடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது. மின்சாரம் இருக்கும்போது இதைத் தொட முடிவதில்லை. மின்சாரம் இல்லாதபோது வெளிச்சம் இருப்பதில்லை. பிற்பகல் மூடுபனிக்கு முன்னால் சன்னலோரம் கிடைக்கிற அரை மணியில்தான் மூன்று ஆண்டும் நடந்திருக்கிறது.

உயிரெழுத்து முடிந்து, மெய்யில் ககரத்துக்குக் குறிஞ்சியும் கூடையும் கொழுந்தும் ஆயின. 2018இல் பூத்த நீலக்குறிஞ்சியை அவர் நேரில் பார்த்து வரைந்து வைத்திருந்தது உதவிற்று. அடுத்தது பூக்க 2030 ஆகும். லகரத்துக்கு லயம். நாம் சென்ற ஜனவரியில் வகரம் நடந்துகொண்டிருந்தது. வ என்றால் வரையாடு. ஆட்டின் பின்னோக்கி வளைந்த கொம்பையே எழுத்தின் வளைவாக வைத்துத் தீட்டியிருந்தார். தலை நன்றாக வந்திருக்கிறது. பாறையில் ஊன்றிய குளம்புதான் மாட்டுக் குளம்புபோல் இருக்கிறது என்று அவரே சொன்னார். இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போய் அருகிலிருந்து பார்த்தால் தீர்ந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் குட்டி ஈனும் பருவம் என்று பூங்காவை அடைத்துவிடுவார்கள். ஏப்ரலில் கல்யாணப் பத்திரிகை வேலை வந்துவிடும், ஜூனில் மழை. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே போயாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மின்சாரம் வந்தது. தாய்மாமன் பதினொருவரில் ஒருவர் படத்தை மாற்ற வேண்டும் என்று வாசலில் ஆள் நின்றது.